அறுபத்து நாலு புள்ளி ஒன்று

ஜூன் 3

கண்ணாடிக் கடை முதலாளி அவர்களுக்கு,

உன் விமானி எழுதுவது. போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டையில் முடிகிறது என்பதால் இனி கடிதம். கடிதத்தில் சண்டை போட வேண்டுமென்றால் உட்கார்ந்து எழுத வேண்டும், தபால் தலை வாங்க வரிசையில் நிற்க வேண்டும். நீ அந்த அளவுக்கு மெனக்கெட மாட்டாய் என்று நம்பிக்கை.

இத்துடன் என் லாக் புக்கின் மே மாதப் பக்கங்கள், நகல் எடுத்தது. முன்பு அனுப்பிய பழைய பக்கங்களோடு இரும்பு அலமாரியில் வை. இங்கே ஒருவருடைய பை ரயிலில் தொலைந்துபோய், பன்னிரண்டு வருடம் பறந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் மனிதர் அரைப் பைத்தியமாகத் திரிகிறார். அதிலிருந்து எல்லோரும் மாதா மாதம் வீட்டுக்கு நகல் அனுப்புகிறோம்.

போனில் கேட்டாயே, "ஒண்ணே முக்கால் மணி நேரம் பறந்தேங்கற, புக்ல 0.3ன்னு போட்டிருக்க, மீதிய யாரு சாப்பிட்டாங்க?" என்று. யாரும் சாப்பிடவில்லை. மொத்தம் பறந்த நேரம் பக்கத்துப் பத்தியில் இருக்கிறது, 1.8 என்று. நீ பார்த்தது கருவி நேரம். வெளியே ஒன்றுமே தெரியாதபோது, எதிரே இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து, என் கையால் நான் ஓட்டிய நேரம். அன்றைக்குக் கிளம்பும்போது மேகத்துக்குள் எட்டு நிமிடம், இறங்கும்போது பத்து நிமிடம். நடுவில் மேலே பளிச்சென்று வெயில். வெயில் கணக்கில் வராது. கேப்டன் ஓட்டி, நான் பக்கத்தில் ரேடியோவில் பேசிக்கொண்டு வந்தாலும் வராது. ஆறு நிமிடத்துக்கு 0.1. பதினெட்டு நிமிடத்துக்கு 0.3. தீர்ந்தது.

கேப்டன் உரிமத்துக்கு இப்படி எழுபத்தைந்து மணி வேண்டும். மற்ற எல்லா மணிக்கணக்கும் என்னிடம் இருக்கிறது, இது ஒன்றுதான் இழுக்கிறது. சிமுலேட்டர் பெட்டிக்குள் ஓட்டியதில் இருபத்தைந்து மணிவரை சேர்க்கலாம், அதைப் போன வருடமே தீர்த்துவிட்டேன். எல்லாம் சேர்த்து இன்றைக்கு 61.4.

மேகமில்லாத நாளிலும் கணக்கு ஏற ஒரு வழி உண்டு. கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டுவது. சிரிக்காதே. மேல் பாதி மங்கலாகவும் கீழ்ப் பாதி தெளிவாகவும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். கருவி தெரியும், வெளியே தெரியாது. பக்கத்தில் இன்னொரு விமானி வெளியே பார்த்துக்கொண்டிருப்பார், அவர் பெயரையும் புத்தகத்தில் எழுத வேண்டும். இங்கே கிடைக்கிற கண்ணாடி என் மூக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறது. என் மூக்கு உனக்குத் தெரியும். ஒன்று செய்து அனுப்பு.

நம் வாலுப் பெண்ணுக்கு முத்தம். தசமக் கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று மறைக்காமல் எழுது.

உன் விமானி


ஜூன் 19

மேகம் தேடும் மகராசிக்கு,

கண்ணாடி அனுப்பிவிட்டேன். பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒருத்தருக்குக் கண் தெரியக்கூடாது என்பதற்காக லென்ஸ் தேய்த்தது இதுதான் முதல் தடவை. மூக்குத் தாங்கியை இரண்டு மில்லிமீட்டர் குறைத்திருக்கிறேன். அளவெல்லாம் பார்க்கவில்லை, ஞாபகத்திலிருந்துதான்.

வாலு தசமத்தில் இருபதுக்குப் பதினொன்று. மறைக்கவில்லை. ஆனால் உன் ஊர் வானிலையைப் பேப்பரில் தினமும் பார்த்துவிடுகிறாள். அங்கே வெயில் என்று போட்டிருந்தால் முகம் தொங்கிப்போகிறது. வகுப்பில் டீச்சர் "நல்ல வெதர்னா எப்படி இருக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, "நல்லா மூடிக்கிட்டு இருக்கணும் மிஸ், அப்பதான் எங்கம்மா வருவாங்க" என்றிருக்கிறாள். பத்து வயதுப் பெண் பேசுகிற பேச்சா என்று டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

நம் ஊர் விமானக் கம்பெனி மேலாளர் படிக்கிற கண்ணாடி மாற்ற வந்தார். கேப்டன் இடம் உனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். டிசம்பர் முப்பத்தொன்றுவரைதான், அதற்கு மேல் அவர் கையில் இல்லை. உரிமத்தோடு வா, மறுநாளே வேலை. இரண்டு வருடப் பிரிவு போதும். கட்டிலில் உன் பக்கம் சலவைத் துணி ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

உன் கடைக்காரன்


ஜூலை 22

என் மூக்கின் அளவை மறக்காதவருக்கு,

கண்ணாடி அப்படியே பொருந்திவிட்டது. மற்ற விமானிகள் கடன் கேட்கிறார்கள், நான் தரவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை பறந்தேன். மேகத்திலும் கொஞ்சம் கிடைத்தது. ஆக மொத்தம் 64.1. இனி பத்து புள்ளி ஒன்பதுதான் பாக்கி.

என் கேப்டனைப் பற்றி முன்பு போனில் கேட்டிருந்தாய். நாங்கள் "பெரியவர்" என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த வருடம் ஓய்வு. சரக்கு விமானத்தில் தபால் மூட்டைகளோடே வாழ்ந்தவர். திட்டவே மாட்டார், அதுதான் பயம். நான் சரியாக இறக்கினால் "ம்" என்பார். மோசமாக இறக்கினால் அதுவும் கிடையாது.

இங்கே சிலர் கணக்கெழுதுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மழை நாளில் கிளம்பினால் இறங்கும்வரை முழுவதையும் கருவி நேரம் என்று போட்டுவிடுகிறார்கள். மேலே வெயிலில் சாண்ட்விச் தின்ற நேரமும் சேர்த்தி. கேட்டால், "எவன் வந்து பாக்கப் போறான்?" என்கிறார்கள். அது உண்மைதான், எவனும் பார்க்கப் போவதில்லை. மேகத்துக்குள் எத்தனை நிமிடம் இருந்தோம் என்று நமக்கு மட்டும்தான் தெரியும். அதனாலேயே எனக்கு அதில் கை வைக்கக் கூச்சமாக இருக்கிறது. கஞ்சத்தனம் என்று நீ சொல்வாய். இருக்கட்டும்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. அக்டோபரில் முடித்துவிடுவேன். சலவைத் துணியை இறங்கச் சொல்.

விமானி


ஆகஸ்ட் 30

அன்புள்ள உனக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. இந்த மாதப் பக்கங்கள் இத்துடன்.

கணக்கு இன்னும் 64.1தான். சரியான மேகம் அமையவில்லை. வாலுவிடம் சொல்லிவிடு.

விமானி


செப்டம்பர் 14

விமானிக்கு,

கவரைப் பிரித்ததும் வாலுதான் முதலில் படித்தாள். "அதே நம்பர்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகஸ்ட் மாதப் பேப்பர்களை எடுத்து வந்து என் முன்னால் போட்டது அதற்கப்புறம். ஆகஸ்டில் உன் ஊரில் பத்தொன்பது நாள் மழை. அவள் ஒவ்வொன்றையும் பென்சிலில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பத்தொன்பது நாள் மழையில் ஆறு நிமிட மேகம்கூடவா கிடைக்கவில்லை?

எனக்குப் பறக்கத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ கணக்கெழுதுகிற அழகு தெரியும். ஐந்தரை நிமிடம் மேகத்தில் இருந்தால் ஆறாகவில்லையே என்று விட்டிருப்பாய். உன்னோடு வேலை செய்பவர்கள் முழுசாக எழுதுகிறார்கள், ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. நீயும் அப்படி எழுதினால் என்ன? எல்லாத்தையும் சேர்த்து எழுது, கிளம்பி வா. உன் நேர்மைக்கு மாலை போட எங்களுக்கும் ஆசைதான், ஆள் இங்கே இருந்தால் போடலாம்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கிழித்துவிட்டு மறுபடி எழுத மனமில்லை.

கடைக்காரன்


செப்டம்பர் 28

உனக்கு,

என் கணக்கு எனக்குத் தெரியும். 64.1. எதை எழுதலாம் எதை எழுதக்கூடாது என்று லென்ஸ் தேய்ப்பவர் சொல்லித் தர வேண்டாம்.

செப்டம்பர் பக்கங்கள் இத்துடன்.

விமானி


அக்டோபர் 12

விமானிக்கு,

லென்ஸ் தேய்ப்பவன்தான் எழுதுகிறேன். உன் கடிதம் வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். நீ விட்டுவைத்த நிமிடங்களையெல்லாம் கண்டுபிடித்து உன் மூஞ்சிக்கு முன்னால் நீட்ட வேண்டும் என்று, கொஞ்ச மாதமாகப் பிரித்துப் பார்க்காமலே வைத்தவை உட்பட, அலமாரியிலிருந்த எல்லாப் பக்கங்களையும் கடை மேஜையில் பரப்பினேன். அடியில் கூட்டுத்தொகைக் கட்டத்தை நீ காலியாகவே விட்டிருக்கிறாய், அதனால் ஒவ்வொரு வரியாகக் கூட்டினேன். முதலில் உன் கணக்கையே போட்டுப் பார்ப்போம் என்று கருவி நேரப் பத்தியை எடுத்தேன்.

76.3 வந்தது.

தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். சிமுலேட்டர் அதிகமாகச் சேர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை, இருபத்தைந்துதான். மூன்றாவது தடவை வாலுவை விட்டுக் கூட்டச் சொன்னேன். அவளுக்கும் 76.3. இந்தத் தடவை தசமத்தில் அவள் சறுக்கவில்லை. ஜூலை முடிய 64.1. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டும் 12.2. எல்லாம் உன் கையெழுத்து, நீல மை.

நீதான் சொல்லிக் கொடுத்தாய் எப்படி எண்ணுவது என்று. சொல்லிக் கொடுத்தபடியே எண்ணிவிட்டேன். உன் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நீ எனக்கு மட்டும் முடியவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

வாலு, "அப்ப அம்மா வரலாமே? ஏன் வரல?" என்று கேட்டாள். வர மனசில்லை என்றால் சொல்லிவிடு. அங்கே வேறு ஏதாவது, வேறு யாராவது என்றாலும் சொல்லிவிடு. நான் கத்த மாட்டேன். இப்படி மாதம் ஒரு கவரில் நம்பர் வைத்து ஏமாற்றாதே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

நான்


அக்டோபர் 24

என் அன்பே,

நீ கூட்டியது சரி. வாலு கூட்டியதும் சரி. புத்தகத்தில் இருப்பது 76.3. கடிதத்தில் உனக்கு எழுதியது 64.1. இதில் கடிதம்தான் நிஜம், புத்தகம்தான் பொய்.

ஜூலை இருபத்தொன்பது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், சுற்றிலும் வெள்ளை. இறங்குவதற்காக இடது பக்கம் நீளமாக ஒரு திருப்பம். திருப்பத்தை முடித்து நேராக்கினேன். கருவி நேராக இருக்கிறது என்றது. என் உடம்பு, இல்லை, வலது பக்கம் சாய்கிறோம் என்றது. காதுக்குள் இருக்கும் நீர் செய்கிற வேலை இது. நீளமாகத் திரும்பினால் அது பழகிப்போய், நேராக்கியதும் எதிர்ப்பக்கம் சாய்வதாகக் காட்டும். முதல் வருடத்திலேயே பாடம். பரீட்சையில் நன்றாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எல்லாம் தெரிந்தே, கருவியைப் பார்த்துக்கொண்டே, என் கை விமானத்தை இடது பக்கம் சாய்த்தது. நிறுத்து என்கிறேன், கை கேட்கவில்லை. உயரம் இறங்கத் தொடங்கியது. பெரியவர், "எங்கிட்ட விடும்மா" என்றார். அவ்வளவுதான். அவர் நேராக்கிவிட்டார். கீழே இறங்கியதும் "எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். அன்றைய நிமிடங்களை நான் புத்தகத்தில் எழுதவே இல்லை.

அதற்கப்புறம் மேகம் எதிரே வந்தாலே உள்ளங்கை ஈரமாகிவிடுகிறது. நான் கேட்பேன், அவர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வார். மேகம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். இரண்டு மாதம் இப்படித்தான். ஒருநாள் அவரே, "நீ உன் புக்ல எழுதிக்கம்மா. நான் எழுதிக்கல. எனக்கு எதுக்கு, அடுத்த வருஷம் வீட்டுல தோட்ட வேலை பாக்கப் போறேன். உன் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று சாயங்காலம் 0.6 என்று எழுதினேன். முதல் தடவைதான் பேனா தயங்கியது. பத்தொன்பது வரி எழுதினேன்.

புத்தகத்தில் எழுத முடிந்தது. உனக்கு எழுத முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் 66, 70 என்று எழுத உட்காருவேன், கை 64.1 என்றே எழுதும். அந்தப் பக்கங்களை அனுப்பாமல் இருந்திருக்கலாம், இருந்தாலும் அனுப்பினேன். கூட்டுத்தொகை போட மட்டும் தைரியம் இல்லை. நீ கூட்டிப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன் போல.

விண்ணப்பம் நிரப்பி மேஜையில் இருக்கிறது. பெரியவர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் உரிமம் வரும், டிசம்பருக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். கேப்டன் இருக்கையில் உட்காருவேன். "எங்கிட்ட விடும்மா" என்று சொல்ல அங்கே எனக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள். பின்னால் நம் ஊர் ஜனங்கள் இருப்பார்கள்.

வேறு யாரும் இல்லை. என்னைப் போய் அப்படிக் கேட்டுவிட்டாயே. பயம்தான் இருக்கிறது, அதைத்தான் ஒளித்துவைத்தேன்.

உன்


நவம்பர் 6

என் விமானிக்கு,

கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். படித்து முடித்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். வெளியே ஒரு அம்மாள், "கடை உண்டா இல்லையா, ஒண்ணு சொல்லுப்பா!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் என் தப்பு. செப்டம்பர் பதினான்கு காலையில் ஒரு லாரி டிரைவர் வந்தார். கண் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும். எழுத்துப் பலகையில் கடைசி வரியை மளமளவென்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தேகம். பலகையைத் திருப்பி அடுத்த பக்கம் வைத்தேன். மனிதரால் மூன்றாவது வரியைக்கூடப் படிக்க முடியவில்லை. முன்னால் வந்தவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். "அண்ணே, எழுதிக் குடுங்கண்ணே, புள்ளகுட்டிக்காரன்" என்று கெஞ்சினார். முடியாது என்று அனுப்பிவிட்டேன், பெரிய யோக்கியன் மாதிரி. அன்றைக்கு மத்தியானம்தான் உட்கார்ந்து உனக்கு எழுதினேன், எல்லாத்தையும் சேர்த்து எழுது என்று. என்னை என்ன சொல்ல.

இனி உன் தப்பு. புத்தகத்தில் எழுதியதைச் சொல்லவில்லை, அதை நீயே போதுமான அளவு சொல்லிக்கொண்டுவிட்டாய். கீழே போய்விடுவோம் என்று நடுங்கிய ஒரு மாதத்துக்கு எனக்கு வந்த செய்தி, "சரியான மேகம் அமையவில்லை." அந்த ஒரு வரிக்குக் கோபம் இருக்கிறது. நேரில் பார்க்கும்போது சண்டை போடுவேன், தயாராக இரு.

வாலுவிடம் எல்லாம் சொன்னேன். மறைக்கலாமா என்று யோசித்தேன், மறைத்த வரைக்கும் போதும் என்று தோன்றியது. "அம்மா பயந்துட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆனா நமக்கு மட்டும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க, இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் சாப்பிட்டாள்.

விண்ணப்பத்தை என்ன செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை. எழுதும்போதே நீ முடிவுசெய்துவிட்டாய், வரிகளில் தெரிகிறது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியை நினைத்துக் கையெழுத்துப் போடாதே. அந்தத் தேதி பாட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும். வாலுவின் பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் அங்கே வருகிறோம். டிக்கெட் டிசம்பர் பதினெட்டாம் தேதிக்கு. வேண்டாம் என்று எழுதினால் அந்தக் கடிதம் தபாலில் தொலைந்துவிடும்.

கட்டில் காலியாக இருக்கிறது. துணியை மடித்து வைத்துவிட்டேன்.

உன் கடைக்காரன்


டிசம்பர் 2

என் கண்ணாடிக்காரருக்கு, வாலுவுக்கும்தான்,

வேண்டாம் என்று எழுதவில்லை. சீக்கிரம் வாருங்கள்.

பத்தொன்பது வரிகளையும் அடித்தேன். லாக் புக்கில் மை பூசி மறைக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் கையொப்பம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு புத்தகத்தைத் தலைமை விமானியிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் கத்தவில்லை. மூன்று வாரம் பறக்க வேண்டாம் என்றார், சிமுலேட்டரில் உட்கார வைத்து அதே திருப்பத்தைத் திரும்பத் திரும்பப் போட வைத்தார். அது கணக்கில் சேராது, பெட்டி நேரம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதே.

பெரியவருக்கும் எழுத்தில் கண்டிப்பு. முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாம், என்னால். மன்னிப்புக் கேட்கப் போனேன். "சரி, சரி" என்று சொல்லிவிட்டுத் தபால் மூட்டையை எண்ணப் போய்விட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார்.

நம் ஊர்க் கம்பெனிக்கு நானே எழுதிவிட்டேன், காத்திருக்க வேண்டாம் என்று. உங்களிடமிருந்து இன்னும் ஒரு வருடமாவது திருடுகிறேன். தெரிந்தே செய்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடி பறந்தேன், வேறு கேப்டனோடு. இறங்கும்போது மேகம். கேட்டிருந்தால் அவரும் வாங்கிக்கொண்டிருப்பார். வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அதே மாதிரி ஒரு திருப்பம், நேராக்கியதும் உடம்பு மறுபடி பொய் சொன்னது. கருவியில் இருப்பதை வாய்விட்டுச் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டினேன். நேராக இருக்கிறோம், உயரம் சரி, நேராக இருக்கிறோம். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும். பன்னிரண்டு நிமிடம். கீழே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

0.2 எழுதியிருக்கிறேன்.

வந்து இறங்கியதும் என்னைத் தேடாதீர்கள். பதினெட்டாம் தேதி எனக்கும் பறத்தல் உண்டு. வெயிலாக இருந்தால் சீக்கிரம் முடித்துவிட்டு விமான நிலைய வாசலில் நிற்பேன். மூடிக்கொண்டிருந்தால் சுற்றி வந்து இறங்க நேரமாகும், மேலேதான் இருப்பேன். வாசலில் ஒரு பெஞ்ச் இருக்கிறது, அதில் உட்கார்ந்து கொஞ்சம் காத்திருங்கள்.

உங்கள் விமானி